வலிப்பது ஓரிடம், வம்பு செய்வது வேறிடம்: தசைப் பிடிப்பும் ட்ரிக்கர் பாயிண்டும்

சேலத்தில் தோள்பட்டை வலிக்கு நாலைந்து பெயர்கள் உண்டு. அம்மாபேட்டைத் தறிக்காரர்கள் ‘நரம்பு சுருட்டிக்கிச்சுங்க’ என்பார்கள். பாட்டிமார்களுக்கு அது வாய்வு. எப்போதோ கீழே விழுந்த ஞாபகம் இருப்பவர்களுக்கு ரத்தக்கட்டு. யூடியூப் பார்த்துவிட்டு வருகிற பையன்கள் ‘மசில் நாட்’ என்று சொல்லி, அதை உடைத்துவிடச் சொல்கிறார்கள். இந்த ஊரில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கும் எனக்கு இவையெல்லாம் பழகிவிட்டன.

பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட முடியவில்லை. ஏனென்றால் பெயர்தான் வைத்தியத்தைத் தீர்மானிக்கிறது. நரம்பு என்று நம்புகிறவர் ஸ்கேன் எடுக்கப் பணம் புரட்டுகிறார். வாய்வு என்று நம்புகிறவர் பூண்டையும் பெருங்காயத்தையும் தேடுகிறார். முடிச்சு என்று நம்புகிறவர் யாரையாவது முழங்கையால் ஏறி மிதிக்காத குறையாக அழுத்தச் சொல்லி, மறுநாள் கையைத் தூக்க முடியாமல் வருகிறார்.

ஒரு தறிக்கார அக்கா. ஐம்பது வயதைத் தாண்டியவர். வலது தோளின் முன்பக்கத்தைக் கட்டைவிரலால் குத்திக் காட்டி, ‘இங்கதாங்க, உள்ள கொடையுது’ என்றார். தைலம், பிளாஸ்திரி, மாத்திரை எல்லாம் ஆயிற்று. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, தோளின் பின்னால் இறக்கை போல இருக்கிற எலும்பின் மேல் உள்ள தசையில் விரலை வைத்து அழுத்தினேன். ‘அய்யோ, அதே வலிதாங்க! ஆனா நீங்க பின்னாடிதானே அமுக்குறீங்க, முன்னாடி எப்படி வலிக்குது?’

நல்ல கேள்வி. அவருக்கு அன்று இரண்டு நிமிடத்தில் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஆரஞ்சுச் சுளையிலிருந்து தொடங்குவோம்

ஏற்காட்டு ஆரஞ்சு ஒன்றை உரித்துப் பாருங்கள். தோலுக்கு அடியில் வெள்ளையாக நார் போல ஒன்று பழம் முழுவதையும் சுற்றியிருக்கும். ஒவ்வொரு சுளைக்கும் தனியாக ஒரு மெல்லிய சவ்வு. சுளையைப் பிரித்தால் உள்ளே சாறு நிறைந்த குட்டிக் குட்டி முத்துகள், அவற்றுக்கும் ஒரு மெல்லிய உறை. உறைகளை எடுத்துவிட்டால் அது பழமாக நிற்காது, வெறும் சாறாக ஓடிவிடும்.

தசையும் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. தசை முழுவதற்கும் ஓர் உறை, உள்ளே இழைக் கற்றைகளுக்கு ஓர் உறை, ஒவ்வோர் இழைக்கும் ஓர் உறை. இந்த உறைக்கு ஃபேசியா என்று பெயர். தசையிலிருந்தும் அதன் உறையிலிருந்தும் கிளம்புகிற வலியை மயோஃபேசியல் வலி என்கிறார்கள். ‘மயோ’ என்றால் தசை. அவ்வளவுதான். ரிப்போர்ட்டில் அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு ஏதோ பெரிய வியாதி என்று கண்கலங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பாவில் ஒரு இழை மட்டும் இறுகினால்

தறி தெரிந்தவர்களுக்கு அடுத்தது சுலபமாகப் புரியும். பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் கட்டும் நூல்களில், ஆயிரக்கணக்கான இழைகள் ஒரே இழுவிசையில் நிற்க வேண்டும். அதில் சில இழைகள் மட்டும் அதிகமாக இறுகிவிட்டால் துணி அந்த இடத்தில் சுருங்கும். மற்ற இழைகள் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கோளாறு துணி முழுக்கத் தெரியும்.

தசையிலும் எல்லா இழைகளும் சேர்ந்து இறுகுவது வேறு கதை. இரவில் கெண்டைக்காலைப் பிடித்து இழுத்து அலற வைக்கிறதே, அது அந்த வகை. நாம் பேசுவது, தசையின் மற்ற பகுதி தளர்வாக இருக்கும்போதே ஒரு சின்னக் கற்றை மட்டும் கயிறு போல விறைத்து நிற்பதைப் பற்றி. அந்தக் கயிற்றில் ஓரிடம் மிகவும் கூச்சமாக இருக்கும். அழுத்தினால் அங்கேயும் வலிக்கும், சில சமயம் தூரத்தில் வேறோர் இடத்திலும் வலி எழும். அந்த இடம்தான் ட்ரிக்கர் பாயிண்ட். தமிழில் தூண்டுபுள்ளி எனலாம்.

இந்தச் சொல்லைப் பரப்பியவர் ஜேனட் டிராவெல் என்ற அமெரிக்க மருத்துவர். கென்னடி 1961இல் அதிபரானபோது அவருடைய மருத்துவராக வெள்ளை மாளிகைக்குப் போனவர். அந்தப் பொறுப்பை ஏற்ற முதல் பெண்ணும் அவர்தான். கென்னடியின் முதுகுவலி உலகறிந்தது. பின்னாளில் டேவிட் சைமன்ஸ் என்ற மருத்துவரோடு சேர்ந்து, எந்தத் தசையின் புள்ளி எங்கே வலியைக் காட்டும் என்று படம் படமாக வரைந்து 1983இல் ஒரு கையேடு வெளியிட்டார். பல பிசியோதெரபி அறைகளின் சுவரில் சிவப்புப் புள்ளிகளோடு தொங்குகிற மனித உருவப் படங்களின் பூர்விகம் அதுதான்.

தூண்டுபுள்ளிகள் சும்மாவும் இருக்கும். யாராவது அழுத்தினால் மட்டும் ‘ஆ’ என்பீர்கள், மற்றபடி தொந்தரவு இருக்காது. அவை உறங்கும் புள்ளிகள். அழுத்தாமலே வலிப்பவை விழித்த புள்ளிகள். உறங்கும் புள்ளி இல்லாத ஆளைப் பார்ப்பது கஷ்டம். எனவே உடம்பைத் தடவித் தடவி எல்லாப் புள்ளியையும் கண்டுபிடித்து ஒழிக்க வேண்டும் என்று யாராவது பத்து நாள் பேக்கேஜ் சொன்னால், சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுங்கள்.

விடுவதற்கும் சக்தி வேண்டும்

தசை இறுகத்தான் சக்தி வேண்டும், சும்மா விட்டால் தானாகத் தளர்ந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மை கொஞ்சம் வினோதமானது.

தசை இழைக்குள் இரண்டு வகைப் புரத நூல்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. நரம்பிலிருந்து உத்தரவு வந்ததும் இழைக்குள் கால்சியம் பரவும். உடனே ஒரு வகை நூல் மற்றதைக் கொக்கி போட்டுப் பிடித்து இழுக்கும். தசை சுருங்குவது இப்படித்தான். கொக்கியை விடுவிக்கவும், பரவிய கால்சியத்தை மறுபடி அதன் கிடங்குக்குள் ஏற்றவும் ஏடிபி தேவை. செல்லுக்குள் எரிபொருள் போலச் செலவாகிற வேதிப்பொருள் அது. அது இல்லாவிட்டால் பிடித்த கொக்கி பிடித்தபடியே நிற்கும். இறந்தவர் உடல் சில மணி நேரத்தில் விறைத்துப்போவதற்குக் காரணம் இதுதான்: எரிபொருள் உற்பத்தி நின்றுவிடுகிறது, கொக்கிகள் விடுவதில்லை.

இப்போது ஏற்காட்டு மலைப்பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். சேலத்திலிருந்து ஏறினால் இருபது கொண்டை ஊசி வளைவுகள். பன்னிரண்டாவது வளைவில் ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டது. மேலேயும் போக வழியில்லை, கீழேயும் வர வழியில்லை. லாரியை நகர்த்த கிரேன் வேண்டும். அந்த கிரேன் எங்கே? லாரிக்குப் பின்னால் தேங்கிய வண்டிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நிற்கிறது.

தூண்டுபுள்ளியிலும் கிட்டத்தட்ட இதே நிலைமைதான் என்று கருதுகிறார்கள். நரம்பு தசையைத் தொடும் இடத்தில் உத்தரவு தேவைக்கு மேல் கசிந்துகொண்டே இருக்கிறது. அங்கே இழைகள் சுருங்கியபடியே நிற்கின்றன. சுருங்கிய தசை பக்கத்தில் ஓடும் மெல்லிய ரத்தக் குழாய்களை நசுக்குகிறது. ரத்தம் குறைகிறது, பிராணவாயு குறைகிறது, ஏடிபியும் குறைகிறது. விடுவிக்க வேண்டிய எரிபொருளே வந்து சேராததால் பிடி விடுவதில்லை. தேங்கிய இடத்தில் அமிலத்தன்மை ஏறி, வலியைக் கிளப்பும் ரசாயனங்கள் சேருகின்றன. அவை அங்குள்ள வலி நரம்புகளை இன்னும் கூச்சமாக்குகின்றன.

இதில் நிரூபணமான பகுதியும் உண்டு, ஊகமும் உண்டு. கொக்கி, கால்சியம், ஏடிபி எல்லாம் பாடப்புத்தக விஷயம். வலிக்கிற புள்ளிகளிலிருந்து நுண்ணூசியால் திரவம் எடுத்துச் சோதித்தபோது அமிலமும் வலி ரசாயனங்களும் கூடுதலாக இருந்ததும் பதிவாகியிருக்கிறது. ஆனால் இவையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இப்படித்தான் நடக்கின்றன என்பது இன்னும் ஒரு கருதுகோள்தான். தூண்டுபுள்ளி என்று தனியாக ஒன்று இல்லை, மூளையும் தண்டுவடமும் வலியை மிகைப்படுத்துவதால் அப்படித் தோன்றுகிறது என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. என் விரலுக்குக் கயிறு தட்டுப்படுகிறது என்பதற்காக அவர்கள் சொல்வதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை.

இதுவரை வந்ததைச் சுருக்கிக்கொள்வோம். தசைக்குள் ஒரு சிறு கற்றை இறுகிவிடுகிறது. இறுக்கமே ரத்த ஓட்டத்தைத் தடுப்பதால் அது தானாக எளிதில் தளர்வதில்லை. முடிச்சு என்று ஒன்று அங்கே விழவில்லை. நரம்பும் சுருளவில்லை.

மூட்டை தூக்காதவருக்கும் ஏன் வருகிறது

‘நான் பாரமே தூக்குறதில்லையே’ என்று செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் வேலை செய்கிற அண்ணன் கேட்டார். கொலுசின் பொடி வளையங்களைக் கோத்து நெருப்பில் ஒட்டுகிற வேலை. மொத்தக் கொலுசும் சில நூறு கிராம்கூட இருக்காது. ஆனால் தரையில் உட்கார்ந்து, கழுத்தைக் குனிந்து, இரண்டு கையையும் முன்னால் நீட்டி, மூச்சுகூட மெதுவாக விட்டுக்கொண்டு மணிக்கணக்கில் செய்ய வேண்டும்.

தசை வேலை செய்யும்போது எல்லா இழைகளும் ஒரே நேரத்தில் எழுந்து வருவதில்லை. லேசான வேலைக்குச் சின்ன இழைகள் மட்டும் முதலில் வரும். பாரம் கூடினால்தான் பெரியவை வந்து சேரும். வேலை முடிந்து கடைசியாக ஓய்வெடுப்பதும் அதே சின்ன இழைகள்தான். கூட்டுக் குடும்பத்தில் விடிவதற்கு முன் எழுந்து எல்லோரும் தூங்கிய பிறகு படுக்கிற மருமகளை நினைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டில் இதற்கு சிண்ட்ரெல்லா கருதுகோள் என்று பெயர். அந்தக் கதையிலும் வீட்டு வேலையெல்லாம் ஒரே பெண்ணின் தலையில்தான்.

கொலுசு வேலை, கம்ப்யூட்டர் வேலை, செல்போனைக் குனிந்து பார்ப்பது மூன்றும் இந்த விஷயத்தில் ஒன்றுதான். பாரம் குறைவு, இடைவெளி இல்லை. மூட்டை தூக்குகிறவராவது இறக்கி வைத்துவிட்டு டீ குடிக்கிறார்.

மலை மேலே கதை வேறு. நவம்பர், டிசம்பரில் காப்பிப் பழம் பறிக்கும் பெண்கள் சரிவில் ஒரு காலை ஊன்றி நின்று, கிளையை ஒரு கையால் வளைத்துப் பிடித்து, மறு கையால் நாளெல்லாம் பறிக்கிறார்கள். வருடம் முழுக்கச் செய்யாத வேலையைச் சில வாரங்களில் கொட்டித் தீர்க்கிறார்கள். திடீரென்று கூடுகிற சுமையும் தூண்டுபுள்ளிகளை எழுப்பும். தூக்கம் கெட்டாலும், மனக்கவலை இருந்தாலும் எழும். இரும்புச்சத்து, வைட்டமின் டி, தைராய்டு குறைபாடுகளும் பின்னால் இருந்து ஊதிவிடலாம். ஆகவே நாள்பட்ட உடல்வலிக்கு ரத்தப் பரிசோதனை எழுதித் தருகிற டாக்டரைத் திட்ட வேண்டாம்.

பின்னால் அழுத்தினால் முன்னால் ஏன் வலிக்கிறது

அக்காவின் கேள்விக்கு வந்துவிட்டோம். ஏற்காட்டைச் சுற்றிலும் நிறையச் சிற்றூர்கள். எல்லா ஊர்க் கடிதமும் ஏற்காடு தபால் நிலையத்தில் முத்திரை குத்தப்பட்டுத்தான் கீழே இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சேலத்தில் வாங்குகிறவர் முத்திரையைப் பார்த்து ‘ஏற்காட்டிலிருந்து வந்திருக்கிறது’ என்பார். எழுதியவர் எந்தக் கிராமத்தில் இருக்கிறார் என்பது அவருக்குத் தெரியாது.

தண்டுவடம் அந்தத் தபால் நிலையம். தோளின் பின்தசையிலிருந்து வரும் வலிச் செய்தியும், தோளின் முன்பக்கத்திலிருந்து வரும் செய்தியும் தண்டுவடத்தில் ஒரே நரம்பு செல்களில் வந்து சேருகின்றன. மேலே இருக்கும் மூளைக்கு முத்திரை மட்டும்தான் தெரிகிறது. அது முன்பக்கம் என்று தீர்ப்பு எழுதிவிடுகிறது. இதுவே இடம்மாறும் வலி. மாரடைப்பில் இடது கை வலிப்பதும் இதே வழியில்தான்.

இதை முறையாகச் சோதித்தவர் கெல்க்ரென் என்ற மருத்துவர். 1938இல் லண்டனில், தன்னார்வலர்களின் தசைகளுக்குள் உப்புக் கரைசலை ஊசியால் செலுத்தி, வலி எங்கே தெரிகிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். ஊசி குத்திய இடத்தை விட்டு வெகுதூரத்தில் வலி தெரிந்தது. அதுவும் தசைக்குத் தசை வெவ்வேறு இடத்தில்.

எங்களிடம் வருகிறவர்களில் அடிக்கடி பார்ப்பது சில. பிடரிக்கும் தோளுக்கும் நடுவே உள்ள தசையில் புள்ளி இருந்தால் வலி கழுத்தோரமாக ஏறி நெற்றிப்பொட்டில் நிற்கும், ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை போட்டுக்கொண்டிருப்பார்கள். இடுப்பின் பக்கவாட்டுத் தசையில் இருந்தால் தொடை வழியாகக் காலில் இறங்கும், சயாட்டிகா (இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலி) என்று பயப்படுவார்கள். கெண்டைக்காலில் இருந்தால் குதிகால் வலிக்கலாம்.

ஆக, வலி தெரிகிற இடத்தில் தைலம் தடவித் தடவிக் கேட்காமல் போனால் தைலத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. கடிதம் எழுதிய ஊர் வேறு.

எப்படிக் கண்டுபிடிக்கிறோம், எப்போது இது அல்ல

இதற்கென்று ரத்தப் பரிசோதனை கிடையாது. எக்ஸ்ரேயிலும் தெரியாது. விரலால் தேடுவதுதான் வழி: இறுகிய கயிறு தட்டுப்படுகிறதா, அதில் கூச்சமான இடம் உண்டா, அழுத்தினால் ‘இதுதான் என் வலி’ என்று நோயாளி சொல்கிறாரா. மூன்றாவதற்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். ஒரே ஆளை இரண்டு பிசியோதெரபிஸ்டுகள் தொட்டுப் பார்த்தால் இரண்டு இடத்தைக் காட்டுவதும் நடக்கும். விரல் ஒன்றும் தராசு இல்லை.

அதற்கு முன்னால் வேறு நோயை விலக்க வேண்டும். நெஞ்சிலோ இடது கையிலோ வலி, கூடவே வியர்வை, மூச்சுத்திணறல் என்றால் பிசியோதெரபி அறைக்கு வராதீர்கள், அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள். கை கால் பலமிழப்பது, சிறுநீர் மலம் கட்டுப்பாடு போவது, காய்ச்சலோடு வரும் முதுகுவலி, காரணமில்லாமல் எடை குறைவது, புற்றுநோய் வந்து போனவருக்குப் புதிதாக வலி, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சிவப்பது – இவற்றுக்கெல்லாம் முதலில் டாக்டர்தான்.

சிகிச்சையில் என்னதான் செய்கிறோம்

முதலாவது, அழுத்தம். புள்ளியின் மேல் விரலை வைத்து, பொறுத்துக்கொள்ளக்கூடிய வலி வரும் வரை மெதுவாக அழுத்தி, அரை நிமிடம் முதல் ஒன்றரை நிமிடம் வரை அப்படியே பிடித்திருப்போம். விரலுக்குக் கீழே ஏதோ இளகுவது போலத் தெரியும், வலியும் இறங்கும். உள்ளே எதுவும் உடைவதில்லை. அழுத்தி விட்டதும் ரத்தம் பாய்கிறது, நரம்பு மண்டலமும் ‘ஆபத்தில்லை’ என்று சற்றுத் தணிகிறது என்பதுதான் இன்றைய விளக்கம். பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சைப் பிடித்தீர்களானால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். வலிக்க வலிக்கத்தான் குணமாகும் என்ற நம்பிக்கை நம் ஊரில் ஏனோ மிகவும் ஆழமானது. சுளுக்கு எடுப்பவரிடம் கத்திவிட்டு வந்தால்தான் காசுக்குச் சரியாகச் செய்தார் என்கிறோம்.

அடுத்து, நீட்டல். இளகிய தசையை மெதுவாக நீட்டி அரை நிமிடம் நிறுத்துவது. சூட்டு ஒத்தடம் இதற்கு நல்ல துணை. அல்ட்ராசவுண்ட் மெஷின் வைத்தால்தான் சிகிச்சை என்று நினைப்பவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும்: இந்த வலிக்கு அதன் பலனுக்கான ஆதாரம் பலமாக இல்லை. கரண்ட் வைப்பது என்று சொல்கிறார்களே, அது கொஞ்ச நேரம் வலியை மறக்கடிக்கும்.

ஊசிச் சிகிச்சையும் உண்டு. மருந்து எதுவும் இல்லாத மெல்லிய ஊசியைத் தூண்டுபுள்ளிக்குள் செலுத்துவது ட்ரை நீட்லிங். ஊசி சரியான இடத்தில் பட்டால் அந்தக் கற்றை மட்டும் மீன் துள்ளுவது போல ஒரு முறை துடிக்கும். கொஞ்ச காலத்துக்கு வலி குறைவதை ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் தோள், மார்புப் பகுதியில் தவறினால் நுரையீரலில் பட்டுவிடும் அபாயம் உண்டு, அரிதுதான் என்றாலும். பயிற்சி பெற்றவரிடம் மட்டும் செய்துகொள்ளுங்கள்.

சரி, இதற்குமேல்தான் விஷயமே இருக்கிறது. மேலே சொன்ன எல்லாமே லாரியை ஓரங்கட்டுகிற வேலை. பாதை திறந்திருக்கும். ஆனால் நாளைக்கும் அதே வளைவில் அதே பாரத்தோடு லாரி வந்தால் மறுபடி நிற்கும். வலி குறைந்திருக்கும் அந்தச் சில நாட்களில் என்ன செய்கிறோம் என்பதை வைத்துத்தான் வலி திரும்புமா இல்லையா என்பது இருக்கிறது.

அதில் இரண்டு வேலை. ஒன்று, தசையைப் பலப்படுத்துவது. கழுத்து, தோள் வலி உள்ளவர்கள் ஓய்வெடுப்பதைவிட, படிப்படியாக எடை கூட்டிப் பயிற்சி செய்தால் நல்ல பலன் கிடைக்கிறது. ரப்பர் பட்டை போதும், அதுவும் இல்லாவிட்டால் தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு. பல வாரம் ஆகும். வருகிறவர்களில் பாதிப் பேர் வலி குறைந்த மூன்றாம் நாளோடு நின்றுவிடுகிறார்கள், பிறகு ‘பிசியோதெரபி எனக்கு ஒத்துக்கலை’ என்கிறார்கள்.

இரண்டாவது, வேலையை மாற்றுவது. வேலையை விடச் சொல்லவில்லை. பட்டறை அண்ணன் தரையிலிருந்த வேலைப் பலகையை மூன்று செங்கல் உயரம் ஏற்றிக்கொண்டார், குனிவது பாதியாகக் குறைந்தது. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து ஒரு நிமிடம் கையைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டு உட்காருகிறார். முதலாளி முதலில் முறைத்தாராம். சரியான உட்காரும் முறை என்று ஒன்றைத் தேடி அலைய வேண்டாம். எந்த முறையிலும் நெடுநேரம் இருப்பதுதான் சிக்கல்.

சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, பிசியோதெரபிக்குத் தனியார் கிளினிக்தான் வழி என்று நினைக்க வேண்டாம். நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து செய்யும் ஏற்பாடு 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் உண்டு.

வீட்டில் செய்வதற்கு ஒரு பந்து

டென்னிஸ் பந்து ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சுவருக்கும் முதுகுக்கும் நடுவில் வைத்து, கூச்சமான இடம் வரும் வரை மெதுவாக உருட்டி, அங்கே சாய்ந்து ஒரு நிமிடம் நில்லுங்கள். சாய்கிற அளவை வைத்து அழுத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். ஒரு புள்ளிக்கு ஒரு நாளில் இரண்டு மூன்று முறை போதும். அடுத்த நாள் லேசாக அடிபட்ட வலி போல இருக்கும், இரண்டு நாளில் போய்விடும். போகாவிட்டால் அழுத்தியது அதிகம். கழுத்தின் முன்பக்கம், முதுகுத்தண்டு எலும்பின் மேல், அக்குளில் பந்து வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

தறிக்கார அக்கா ஆறு வாரம் வந்தார். தறியில் குறுக்கு நூலை ஓட்டும் நாடாவை இழுக்கிற கயிற்றின் பிடியைக் கொஞ்சம் கீழே இறக்கிக் கட்டிக்கொண்டதில் தோளைத் தூக்கி இழுப்பது குறைந்திருக்கிறது. வலி அடியோடு போகவில்லை. தீபாவளிச் சேலை ஆர்டர் குவிகிற மாதங்களில் எட்டிப் பார்க்கும். அப்போது தைலப் பாட்டிலைத் தேடுவதில்லை, பந்தைத் தேடுகிறார். பேரன் அதைக் கிரிக்கெட் விளையாடத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான் என்பதுதான் போன முறை வந்தபோது அவருடைய புகார்.